மாமன் மணை

ஏனுங்ணா, காது குத்தற ஆசாரி நீங்கதானுங்களே? கைப்பெட்டியப் பாத்ததுமே நெனச்சேன். வாங்க, இப்படித் தூணோரமா உக்காருங்க, உள்ள காத்தே இல்லை. உங்களைக் கூப்பிட்டது ஈரோட்டுல இருந்து வர்றவங்கதானுங்க, சஷ்டிகான்னு கொழந்தை பேரு, மூணு வயசு. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள குத்தணும்னு சொல்லியிருப்பாங்களே? அதேதான். அவங்க இன்னும் வரலைங்க. நான் ஏழு மணிக்கே வந்து இந்தக் கோயில் மண்டபத்தை மூணு தடவை சுத்தியாச்சு.

நானுங்களா? நான்தானுங்ணா தாய்மாமன். அதாவது, இன்னிக்கு மணையில உக்காந்து கொழந்தைய மடியில வெச்சுக்கப் போற மாமன். கூடப் பொறந்தவன் இல்லைங்க. கொழந்தையோட அம்மாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தர் இருக்கறாரு, அவரு வர மாட்டேன்னுட்டாரு. அதனால நான். பேரு சென்னியப்பன். பாருங்க, சீரெல்லாம் கொண்டாந்திருக்கறேன். பட்டுப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், மாலை, தேங்கா, பழம். தோடு மட்டும் சட்டைப் பையில இருக்குது. பஸ்ல வர்றப்போ ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே வந்தேன்.

எதுக்கு வாசலையே பாத்துட்டு இருக்கறேன்னு கேக்கறீங்களா? ஒண்ணுமில்லைங்ணா, அவங்க வர்றாங்களான்னுதான். சரி, உங்ககிட்ட எதுக்கு மறைக்கறது. கொழந்தையோட அம்மா என்னைய வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. மாமனா உக்காரக் கூடாது, இனிமே வேலைக்கும் வரக்கூடாது, ரெண்டும் ஒரே மூச்சுல. நாலு நாளாச்சு. போனை எடுக்கறதில்லை. நான் இங்க வந்து உக்காந்திருக்கறது அவங்களுக்குத் தெரியாது. வேன்ல இருந்து எறங்கி என்னையப் பாத்தா என்ன பண்ணுவாங்களோ. சபையில நாலு பேரு முன்னால "எந்திரிச்சுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்கன்னா? அப்புறம் நான் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு அந்தக் கொழந்தையப் பாக்கறது?

என்ன வேலைன்னு கேக்கறீங்க. சொல்றேன், சிரிக்காதீங்க. கொழந்தை பாத்துக்கற வேலை. ஆயா வேலைன்னுதான் ஊர்ல சொல்றாங்க. ஆம்பளைக்கு என்ன பேருன்னு யாருக்கும் தெரியலை.

கொழந்தையோட அம்மா ரயில் ஓட்டறவங்கங்ணா. மெய்யாலுமே. இந்துமதின்னு பேரு. கூட்ஸ் வண்டியில உதவி டிரைவர். அந்த வேலைக்கு நேரங்காலம் கெடையாது. போன் அடிக்கும், ரெண்டு மணி நேரத்துல போயி நிக்கணும். போனா பத்து மணி நேரமோ, அடுத்த நாளோ, வண்டி எங்க நிக்குதோ அதைப் பொறுத்தது. அஞ்சாறு ஆயா வந்தாங்க, ஒருத்தரும் ஒரு மாசம் தாண்டலை. புருசனா? அந்தக் கதை முடிஞ்சு கோர்ட்டுல தீர்ப்பே வாங்கியாச்சு, ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. திரும்பப் போயி அவன்கூட இருன்னு அண்ணன்காரர் சொன்னாரு. இவங்க மாட்டேன்னாங்க. அதோட அண்ணன் ஒறவு அத்துப் போச்சு.

எங்க ஊட்டுல இருந்து அந்த வேலைக்கு மொதல்ல போனது எங்க அக்கா. மூணாம் நாளே மாடிப்படியில வழுக்கிக் காலை ஒடச்சுக்கிட்டா. "ரெண்டு நாளைக்கு நீ போயி நில்லுடா, அந்தப் புள்ள பாவம்"ன்னா. நான் தறி ஓட்டிட்டு இருந்தவன், பட்டறைய மூடிட்டாங்க, சும்மாதான் கெடந்தேன். அக்காளோட ரெட்டைப் புள்ளைகளைக் கையில போட்டு வளத்தவன்கறதால கொழந்தைன்னா எனக்குப் பயமில்லை. ரெண்டு நாளைக்குன்னு போனது, ஒரு வருசம் எட்டு மாசமாச்சுங்ணா. அவங்களுக்கு ராத்திரி டூட்டின்னா கொழந்தைய எங்க அக்கா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாதுன்னு அதுல நான் ரொம்பக் கவனம்.

வயசு முப்பத்தாறு. கண்ணாலம் ஆகலைங்க. பொண்ணு கேட்டுப் போனா மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேக்கறாங்க. கொழந்தைக்குச் சோறூட்டறாருன்னு அக்கா சொன்னதும், போட்ட காப்பிய உள்ளயே வெச்சுக்கறாங்க.

மணி எத்தனைங்ணா? எட்டே முக்காலா? சரி, சரி.

எனக்கு அவங்க மேல ஒரு வருத்தம் இருக்குதுங்க. இன்னிக்கு நேத்து வந்த வருத்தம் இல்லை. வேலைக்குப் போன புதுசுல வாய்க்கு வாய் அண்ணா. "அண்ணா, பால் காய்ச்சியாச்சுங்களா? அண்ணா, கொழந்தை தூங்கிட்டாளா? நான் வர ரெண்டு நாளாகும் பாத்துக்குங்கண்ணா." கேக்கறதுக்கே தெம்பா இருக்கும். போன ஆடியில இருந்து அந்த வார்த்தையே காணோம். ஒருக்காகூட வரலைங்க. நான் எண்ணிப் பாத்திருக்கறேன். "ஏங்க"ங்கறாங்க. இல்லைன்னா பக்கத்துல வந்து நின்னு, நான் திரும்பற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் பேசறாங்க. சம்பளத்துக்கு நிக்கறவன்தானே, இவனுக்கு என்ன அண்ணா வேண்டிக் கெடக்குதுன்னு நெனச்சிருப்பாங்க. எனக்கு மனசு விட்டுப் போச்சு.

ஆடியில என்ன நடந்துச்சா? அது வந்துங்ணா... ஒரு நாள் மத்தியானம் டூட்டி முடிச்சு வந்தாங்க. வந்தவங்க செருப்பக்கூடக் கழட்டாம அப்படியே சமையக்கட்டு வாசப்படியில உக்காந்துட்டாங்க. மொகத்துல ரத்தமே இல்லை. அவங்க வண்டி முன்னால ஒரு ஆளு வந்து விழுந்துட்டான். ஹாரன் அடிச்சிருக்கறாங்க, பிரேக் போட்டிருக்கறாங்க, கூட்ஸ் வண்டி நிக்குமுங்களா? கடைசியா அந்த ஆளு நிமுந்து இவங்களைப் பாத்தானாம். அதை மட்டும்தான் சொன்னாங்க. கொழந்தைக்கு ரசஞ்சோறு பெசஞ்சிட்டு இருந்தேன். அவங்களுக்கும் ஒரு தட்டு வெச்சேன். "கை நடுங்குது, எடுக்க முடியலை"ன்னாங்க. சரின்னு கொழந்தைக்கு ஒரு உருண்டை ஊட்டிட்டு, அவங்க உள்ளங்கையில ஒரு உருண்டை வெச்சேன். கொழந்தைக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. அப்படியே சட்டி காலியாச்சு. அழுதுக்கிட்டேதான் சாப்பிட்டாங்க.

அன்னிக்கு நான் என்னமோ வரம்பு மீறிட்டேன் போல. அதுக்கப்புறம்தான் அண்ணாங்கறது நின்னு போச்சு. மன்னிப்புக் கேக்கலாம்னு ரெண்டு தடவை போனேன். என்னத்துக்குன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம திரும்பி வந்துட்டேன்.

ஏங்ணா சிரிக்கறீங்க? இதுல சிரிக்க என்னங்க இருக்குது?

இன்னும் கேளுங்க. கொழந்தைக்கு என்னைய மாமான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்தேன். எல்லா ஊட்டுலயும் அதானே வழக்கம்? இவங்க உள்ள இருந்து வெடுக்குன்னு வந்து, "மாமா எல்லாம் வேண்டாம், பேரே சொல்லட்டும்"னாங்க. இப்போ மூணு வயசுப் புள்ள, காலனி முச்சூடும் கேக்க, "சென்னீ, சென்னீ"ன்னு கத்துது. பால்காரன் சிரிக்கறான். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் குடுத்தாங்க. நல்ல சட்டைதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதே நீலத்துல கொழந்தைக்குக் கவுனு, அதே நீலத்துல அவங்களுக்குச் சேலை. மூணு பேரும் கோயிலுக்குப் போனா பேண்டு வாத்தியக் கோஷ்டியாட்டம் இருந்துச்சு. ஒரே கடையில மொத்தமா எடுத்தா குறைச்சுக் குடுப்பான்னு எடுத்திருப்பாங்க. ரயில்வேக்காரங்க கணக்குப் பாத்துத்தான் நடப்பாங்க.

அவங்களைவிட அவங்க சின்னம்மா தங்கமான மனுசிங்க. அவங்க அம்மாவோட தங்கச்சி. அவங்களுக்கு மூணும் பொட்டப் புள்ளைங்க, மாமனா உக்காரப் பையன் இல்லை, பவானியில இருக்கறாங்க. ஆரம்பத்துல என்னைய அவங்களுக்குப் புடிக்காது. மொத நாளே எந்த ஊரு, எந்தக் கோயிலு, என்ன ஆளுகன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. நாங்க வேற ஆளுகதானுங்க. சொன்னதும் மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒருக்கா வாய் தவறி "அத்தை"ன்னு கூப்பிட்டுட்டேன், அவ்வளவுதான், தேள் கொட்டுனாப்புல எந்திரிச்சுட்டாங்க. "அத்தையா? ஆரு ஆருக்கு அத்தை? சின்னம்மான்னு கூப்பிடு, இந்துவுக்கு நான் சின்னம்மான்னா உனக்கும் சின்னம்மாதான்"னாங்க. பாருங்க, எவ்வளவு உரிமையா சொல்றாங்க. அன்னிக்கு இருந்து சின்னம்மாதான்.

போன மாசம் ஒரு வாரம் வந்து தங்குனாங்க. நான் கொழந்தைக்குத் தலை வாரறதையும் மேடத்துக்கு டிபன் கட்டறதையும் ஓரமா உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க. போறப்போ என்னையத் தனியாக் கூப்புட்டு, "சென்னி, கொழந்தைக்குக் காது குத்தணும். மாமன் இல்லாம எப்படிக் குத்தறது? நீயே உக்காரு. கூடப் பொறந்தவனைவிட ஒருபடி மேலதான் இருக்கறே"ன்னாங்க. என்ன ஆளுகன்னு கேட்டு மொகம் சுளிச்ச அதே மனுசி, சபையில என்னைய மாமன் மணையில உக்கார வைக்கறேங்கறாங்க. இதுக்கு மேல ஒரு மரியாதை உண்டுங்களா? அங்கயே கையில அடிச்சு வாக்குக் குடுத்துட்டேன்.

இன்னொண்ணும் சொன்னாங்க. கோபியில ஒரு எடம் பாத்து வெச்சிருக்கறாங்களாம் மேடத்துக்கு. ரெண்டாந்தாரம்தான், ஆனா தோட்டம் தொரவு இருக்குதாம். "காது குத்து முடியட்டும், அப்புறம் அண்ணன் ஸ்தானத்துல நீதான் முன்னால நின்னு பேசி முடிக்கணும்"னாங்க. சரிங்க சின்னம்மான்னேன். சொல்லிட்டுப் படி எறங்கறேன், நெஞ்சுக்குழியில சுருக்குன்னு ஒரு குத்து. மொத நாள் தின்ன புரோட்டாதான் சேரலைன்னு சோடா வாங்கிக் குடிச்சேன். கேக்கலைங்க. ஒரு வாரம் அப்படியே இருந்துச்சு.

இருங்க, போன் வருது. சின்னம்மாதான்.

சொல்லுங்க சின்னம்மா... வந்துட்டேனுங்க... ஆசாரியும் வந்துட்டாரு... இல்லைங்க, அவங்ககிட்ட நான் பேசலை... சரிங்க... சரிங்க. மணை போட்டதும் உக்காந்துக்கறேன்.

பெருந்துறை தாண்டிட்டாங்களாம். நான் வந்திருக்கறதை மேடத்துகிட்டச் சொல்லலையாம். "வேன் வந்து நின்னதும் நீ பாட்டுக்கு மணையில போயி உக்காந்துரு. நான் உன் தலையில உருமாலையைக் கட்டிர்றேன். கட்டுன உருமாலைய சபையில அவ அவுக்க மாட்டா"ன்னு சொல்றாங்க. நல்ல யோசனைதானுங்களே? ஆனா எனக்கு என்னமோ பக்கு பக்குங்குது.

நாலு நாளைக்கு முன்னால நடந்ததைச் சொல்லலையே. நான்தான் அவசரக் குடுக்கை. சின்னம்மா யாருகிட்டயும் இப்பச் சொல்லாதேன்னுதான் சொன்னாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கலை. மேடம் டூட்டிக்குக் கெளம்பிட்டு இருந்தாங்க, சூட்கேஸை மூடிட்டு. "மேடம், நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு அண்ணன் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. மாமன் மடிக்கு நான் இருக்கறேன்"னேன். சந்தோசப்படுவாங்கன்னு பாத்தா, அப்படியே நின்னுட்டாங்க.

"யாரு சொன்னது உங்ககிட்ட?"ன்னாங்க.

"யாரும் சொல்ல வேண்டியதில்லைங்க, எனக்கே ஆசைதான்"னேன். சின்னம்மாவைக் காட்டிக் குடுக்கக் கூடாதில்லைங்களா?

"உங்களுக்கே ஆசையா?"ன்னாங்க. குரலே வேற மாதிரி இருந்துச்சு.

"ஆமாங்க மேடம். ரொம்ப நாளா"ன்னேன்.

சூட்கேஸைக் கையில எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, "அந்த மணையில ஒருக்கா உக்காந்தா அப்புறம் எந்திரிக்க முடியாதுங்க. தெரியுமா?"ன்னாங்க.

"எனக்கு முட்டிவலி எல்லாம் கெடையாதுங்க மேடம், எவ்வளவு நேரம்னாலும் உக்காருவேன்"னேன்.

அவ்வளவுதானுங்ணா! சூட்கேஸைத் தொப்புன்னு கீழ போட்டாங்க. "நீங்க வர வேண்டாம். காது குத்துக்கும் வர வேண்டாம், நாளையில இருந்து வேலைக்கும் வர வேண்டாம். லீவு போட்டு நானே பாத்துக்கறேன்"ன்னுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திட்டாங்க. கொழந்தை கதவைத் தட்டுது, நான் வெளிய நிக்கறேன். நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? அண்ணனா இருக்கறேன்னு சொல்றது ஒரு குத்தமா?

அக்காகிட்டச் சொன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டு, "போடா மடையா"ன்னுட்டுத் துணி காயப் போடப் போயிட்டா. எல்லாரும் என்மேலதான் பாயறாங்க.

கோபம் இருக்கட்டுங்க. எனக்குக் கவலையெல்லாம் கொழந்தைதான். அவளுக்கு ஊசின்னா ஆகாது. தடுப்பூசி போடறப்போ மூணு நர்ஸ் புடிச்சும் நிக்கலை, நான் போயிக் கையப் புடிச்சதும்தான் நின்னா. இன்னிக்கு எவன் மடியிலயோ கொண்டு போயி உக்கார வெச்சா, துள்ளுவா. துள்ளுனா ஊசி எங்க போயிக் குத்தும்? நீங்களே சொல்லுங்க, நீங்க எத்தனை காது பாத்திருப்பீங்க. அதனாலதான் மானம் போனாலும் பரவாயில்லைன்னு வந்துட்டேன்.

அதோட மாமன்கறது லேசுப்பட்ட விசயமா? அக்கா புள்ளைகளுக்கு நான் உக்காந்தேனே, உருமாலை கட்டி, மாலை போட்டு, ரெண்டு தொடையிலயும் ஆளுக்கொண்ணா. இன்னிக்கும் அதுக ரெண்டுக்கும் எது நடந்தாலும் நான்தான் முன்னால நிக்கணும். அதை யாராவது மாத்த முடியுமா? இதுவும் அப்படித்தான். இன்னிக்கு இந்தச் சபையில உக்காந்துட்டேன்னா நான் மாமன்தான். வேலையை விட்டு நிறுத்தலாம், மாமனை நிறுத்த முடியாதில்லைங்களா? அவங்களுக்குப் புடிச்சாலும் புடிக்காட்டியும் நான் அண்ணன், அவங்க தங்கச்சி. ஊரே பாத்தாச்சுன்னா அப்புறம் சாமியே வந்தாலும் மாத்த முடியாது. சாகற வரைக்கும் அவங்க எனக்குத் தங்கச்சி. நான் அவங்களுக்கு...

...

ஆசாரியண்ணா, தண்ணி இருக்குதுங்களா?

ஒண்ணுமில்லைங்க. குடிச்சா சரியாயிரும்.

எந்திரிக்க முடியாதுன்னு சொன்னாங்கங்ணா. அதுல ஒருக்கா உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு என் மொகத்தைப் பாத்துச் சொன்னாங்க. முட்டிவலி இல்லைன்னு சொன்னேனே நான்! அட, என்னைச் செருப்பால அடிக்க வேண்டாமா?

அண்ணான்னு கூப்பிடறதை ஆடியில நிறுத்துனாங்க. இப்போ மாசி. ஏழு மாசங்ணா. ஏழு மாசமா அந்த வார்த்தைய நாக்குல வர விடாம இருந்திருக்கறாங்க. நான் போயி, அண்ணனா உக்கார்றேன், எனக்கே ஆசை, ரொம்ப நாளா ஆசைன்னு... எப்படி இருந்திருக்கும் அவங்களுக்கு? கதவைச் சாத்துனாங்களே, அதுக்குப் பின்னால நின்னு அழுதிருப்பாங்க. கொழந்தை தட்டத் தட்டத் தொறக்கலை.

இல்லை, நானா கோட்டை கட்டறேனா? கூட்ஸ் வண்டிய நிறுத்தறவங்க எங்க, தறி ஓட்டுனவன் எங்க. நீங்களே சொல்லுங்ணா. வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா தாங்க மாட்டேன்.

எனக்குப் புடிக்குங்க அவங்களை. சொல்லிட்டேன். இத்தனை நாள் எனக்கே தெரியாது. வண்டி லேட்டுன்னா எனக்குச் சோறு எறங்காது. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாத்தான் மூச்சு வரும். கொழந்தைக்காகக் கவலைப்படறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். கொழந்தை என் மடியிலதானே தூங்கிட்டு இருந்தா? அப்புறம் யாருக்காகக் கவலைப்பட்டேன்? கோபி மாப்பிள்ளையும் புரோட்டாவும்! சோடா குடிச்சனே, சோடா!

சின்னம்மாவும்... அவங்க எல்லாத்தையும் பாத்திருக்கறாங்க. ஒரு வாரம் ஓரமா உக்காந்து பாத்துட்டுத்தான் போனாங்க. வேலி போடறாங்கன்னு தெரியாம, மரியாதைன்னு நெனச்சு நானே கையில அடிச்சு வாக்குக் குடுத்திருக்கறேன்.

எந்திரிச்சு ஓடிரலாமுங்களா? பின்னால வழி இருக்குதில்லை? ஆனா ஓடிட்டா கொழந்தை? சீரோட மாமன் ஓடிட்டான்னு சிரிப்பாங்களே, அவங்களைப் பாத்துத்தானே சிரிப்பாங்க? மணி எத்தனை? ஒம்பதே முக்காலா?

வந்துருச்சு. அந்த வெள்ளை வேன்தாங்ணா.

மொதல்ல எறங்கறாங்களே, அவங்கதான் சின்னம்மா. கையில பாருங்க, சரிகை உருமாலை. பின்னால பச்சைச் சேலை... அவங்கதான். என்னையப் பாத்துட்டாங்க. கோபமில்லைங்ணா அது, அவங்க கோபம் எனக்குத் தெரியும். சீர்த் தட்டப் பாத்தாங்க, மணையப் பாத்தாங்க, தலையைக் குனிஞ்சுட்டாங்க. சரி, உனக்கு அதுதான் வேணும்னா இருந்துட்டுப் போங்கற மாதிரி குனிஞ்சுட்டாங்க. ஐயோ.

ஓடி வராதே சஷ்டிக்குட்டி, கல்லு! வா, வா தங்கம். ஆமா, சென்னிதான். நாலு நாளும் சாப்புட்டியா? பொய் சொல்றே, எளைச்சுட்டே.

வாங்க சின்னம்மா. ஆமாங்க, ஏழு மணிக்கே வந்துட்டேன்... இல்லைங்க, உக்காரலைங்க. நின்னுக்கறேன்... நேரம் ஆகுதுதான், தெரியுதுங்க. அந்த உருமாலைய எடுங்க, வேண்டாம்... சின்னம்மா, கையை எடுங்க. கொழந்தை பயப்படறா.

வாக்குக் குடுத்தேன், ஆமாங்க. தப்பு என்மேலதான். வெவரம் தெரியாம குடுத்தேன். இப்போ எல்லாரும் இருக்கறப்பவே திருப்பி வாங்கிக்கறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. நான் இந்தக் கொழந்தைக்கு மாமன் இல்லைங்க. இவங்களுக்கு நான் அண்ணன் இல்லை. இன்னிக்கும் இல்லை, என்னிக்கும் ஆக மாட்டேன்.

சத்தம் போடாதீங்க சின்னம்மா. கோயிலுங்க இது... யாரு மடியில வைக்கறதா? அது எனக்குத் தெரியலை. ஆனா என் மடியில இல்லை.

இந்துமதி... மேடம், என்ன பண்றீங்க? அது மாமன் மணைங்க... சரி. உக்காருங்க. நல்லாச் சம்மணம் போட்டு உக்காருங்க. பெத்தவ மடியில குத்துனா காது ஓட்டையாகாதா என்ன? இந்தாங்க, கொழந்தை. சஷ்டி, அம்மாகிட்டப் போ. நான் எங்கயும் போகலை, உன் முன்னாலயேதான் இருக்கறேன், பாரு, மண்டி போட்டுட்டேன். ரெண்டு கையும் குடு. என் மொகத்தையே பாரு.

ஆசாரியண்ணா, பத்தே காலாச்சு. ஆரம்பிங்க. இந்தாங்க தோடு.

சந்தனம் வைக்கறாரு, அவ்வளவுதான், சில்லுன்னு இருக்குதா? ரயிலு எப்படிக் கூவும் சொல்லு. கூவு... அழு தங்கம், அழுதுக்கோ, ஆடாம அழு. ஒண்ணு ஆச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அம்மா புடிச்சிருக்கறாங்க, நான் புடிச்சிருக்கறேன், யாரு வந்து என்ன பண்ண முடியும்?

என்னங்க சின்னம்மா?... மாமன் இல்லைன்னா எந்த ஒறவுல சீர் தூக்கிட்டு வந்தேன்னா? நியாயமான கேள்விதானுங்க. என் மனசு எனக்கே இப்ப அரை மணி நேரத்துக்கு முன்னாலதான் தெரிஞ்சுது. அவங்க என்னைவிட வெவரமானவங்க. இந்தக் கொழந்தைக்கு நான் யாருன்னு அவங்க சொல்லட்டும். மாமன்னு சொல்லாம வேற என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஒண்ணுமே இல்லை, போடான்னு சொன்னாலும் சீரை வெச்சுட்டுப் போயிர்றேன்.

...

என்னங்க சொன்னீங்க?

முடிஞ்சுது தங்கம், ரெண்டாவதும் முடிஞ்சுது, அவ்வளவுதான், அழாதே, உனக்கு நான் யாருன்னு அம்மா சொல்றாங்க பாரு.

இன்னொருக்கா சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.

இல்லைங்க, எனக்கு மொதல் தடவையே நல்லாக் கேட்டுச்சு. சின்னம்மாவுக்குத்தான் கேக்கலையாம்.